ஏரிக்கரையும் மிதிவண்டியும்

நெய்வேலி நகரியத்தின் உட்சாலைகளைக் கண்டு வியக்காத கூட்டுறவு அன்பர் நம் வட்டாரத்தில் எவரும் இலர். 1957ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் நாள் பண்டித நேரு அவர்கள் சுரங்கப் பணியைத் தொடங்கி வைத்தபோது முந்திரித் தோப்பும் செம்மண் மேடுமாக இருந்த இடத்தில், இன்று வட்டம் வட்டமாகப் பகுத்த வீடுகளும், இருமருங்கும் மரங்கள் கவிந்த அகன்ற சாலைகளும் இருக்கின்றன. விடியற்காலையில் முதல் ஷிப்டுக்குச் செல்லும் தொழிலாளியும், பள்ளிக்குச் செல்லும் சிறுமியும், நடை பழகும் ஓய்வு பெற்றோரும் ஒரே நிழலில் அச்சமின்றிச் செல்கின்றனர். மிதிவண்டியில் செல்வோர்க்கு இதனினும் இனிய ஊர் தமிழ்நாட்டில் உண்டோ என்பது நமக்கு ஐயமே.

ஆனால் அந்த இன்பம் நகரியத்தின் வளைவு வாயிலோடு முடிந்துவிடுகிறது. வாயிலைத் தாண்டினால் விக்கிரவாண்டியிலிருந்து தஞ்சாவூர் செல்லும் பெருஞ்சாலை. வடலூரில் அதனைக் குறுக்கிட்டுச் செல்வது கடலூர்–விருத்தாசலம் சாலை. மணல், கரி, சாம்பல், கரும்பு ஆகிய இத்தனையும் ஏற்றிய லாரிகளுக்கும், ஒன்றையொன்று முந்தும் பேருந்துகளுக்கும் இடையில் மிதிவண்டிக்காரனுக்கு மிஞ்சுவது வெள்ளைக் கோட்டுக்கு வெளியேயுள்ள ஒரு முழம் புழுதி. அந்த ஒரு முழத்திலும் பாதியை நின்றுபோன வண்டிகள் பிடித்துக்கொள்கின்றன.

நாமே ஒருமுறை இதன் சுவையை அறிந்தோம். சங்கமொன்றின் கணக்கைப் பார்வையிட்டுத் திரும்புகையில், உத்தியோக வண்டி பழுதுபட்டிருந்தமையால், சங்க எழுத்தரின் மிதிவண்டியை இரவல் பெற்று வந்தோம். பின்னாலிருந்து ஊதிய ஊதலில் கை தடுமாறி, வண்டியும் நாமும் வாய்க்காலில் இறங்கினோம். நமக்குச் சிராய்ப்பு மட்டுமே. கேரியரில் கட்டியிருந்த பேரேடுகள் இரண்டும் நன்றாக நனைந்தன. அச்சங்கத்துச் செயலாளர் இச்செய்தி கேட்டுப் பெருந்துயரம் அடைந்ததாக நமக்குத் தோன்றவில்லை.

இது சிரிப்பதற்குரிய செய்தி. இனிச் சொல்லப்போவது அன்று.

குறிஞ்சிப்பாடி வட்டாரத்தில் கைலி நெய்யும் குடும்பங்கள் பல உள என்பது வாசகர்கள் அறிந்ததே. அவர்களுள் ஒருவர், ஐம்பது வயதை எட்டியவர், நெய்து முடித்த கைலிகளை மிதிவண்டியில் கட்டிக்கொண்டு சங்கத்திற்குச் செல்வதும், திரும்புகையில் நூல் கொண்டு வருவதும் வழக்கம். மாதத்தில் இரண்டொரு நாள் நகரியத்து வீடுகளில் சில்லறையாகவும் விற்று வருவார். ஓராண்டு ஐப்பசி மாத மழையில், மாலை வேளையில், பெருஞ்சாலை ஓரத்தில் ஒரு வாகனம் அவரைத் தட்டிவிட்டு நில்லாமற் போயிற்று. வலக்கால் முழங்காலுக்குக் கீழே இரண்டிடத்தில் முறிந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் குழித்தறியில் அமர்ந்து நெய்பவனுக்குக் கால் என்பது நடப்பதற்கு மட்டுமன்று. நாடா எறிவது கை. பாவு பிரித்துக் கொடுப்பது கால். மிதியை மிதிக்கமாட்டாத கால் உள்ளவனுக்குத் தறி வெறும் மரச்சட்டம்.

அவருடைய பெயரை நாம் முதலில் கண்டது மருத்துவமனையில் அன்று. தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கமொன்றின் நகைக்கடன் பேரேட்டில். சிகிச்சைக்காக மனைவியின் தோடும் சங்கிலியும் அடகு வைக்கப்பட்டிருந்தன. தவணை கடந்துவிட்டது, பெயர் ஏலப் பட்டியலில் ஏறியிருந்தது. விதிப்படி எல்லாம் சரியாகவே இருந்தது. அப்பட்டியலைச் சரிபார்த்து ஓரத்தில் சுருக்கொப்பம் இட்டவர் நாமே.

சாலை விபத்தைக் காவல் துறையின் கணக்கிலும், முறிந்த காலை மருத்துவத் துறையின் கணக்கிலும் எழுதிவிட்டு, நிலுவையை மட்டும் கூட்டுறவுத் துறையின் கணக்கில் எழுதுகிறோம். மூன்றும் ஒரே மனிதரின் கதை என்பது எந்தப் பதிவேட்டிலும் தெரிவதில்லை. நம் உறுப்பினர்கள் எவ்வழியாகச் சங்கத்திற்கு வருகின்றனர், எவ்வழியாகச் சந்தைக்குப் போகின்றனர் என்பதும் கூட்டுறவு விஷயமே என்று நாம் எழுதத் துணிந்தது இதனாலேயாகும்.

நிற்க. மோட்டார் வாகனம் புகாத மிதிவண்டிப் பாதைகள் என்பது மேலை நாடுகளில் புதிய செய்தியன்று. இங்கிலாந்தின் நடுப்பகுதியில் டார்பிஷயர் என்ற மலைப்பாங்கான மாவட்டம் உண்டு. சுண்ணாம்புக் கல்லாலான மேட்டுநிலம்; மேலே ஆட்டு மந்தையும் கல்வேலியும்; ஆங்காங்கே சிற்றூர்கள். ஆஷ்போர்ன் என்ற ஊரிலிருந்து அம்மேட்டுநிலத்தின் மீது சென்ற இருப்புப்பாதை 1967இல் மூடப்பட்டது. தண்டவாளத்தைப் பெயர்த்த பின் எஞ்சிய தடத்தை அவ்வட்டாரப் பூங்கா வாரியத்தார் விலைக்கு வாங்கி, 1971இல் நடப்போர்க்கும் மிதிவண்டியாளர்க்கும் திறந்துவிட்டனர். டிசிங்டன் பாதை என்று பெயர். பதின்மூன்று மைல் நீளம். ரயில் நின்ற இடத்தில் இன்று மிதிவண்டி வாடகைக்குத் தருகிறார்கள்; தேநீர் விற்கிறார்கள்.

இருப்புப்பாதைத் தடத்தை ஏன் தேர்ந்தார்கள் என்பது சிந்திக்கத்தக்கது. நீராவி எஞ்சின் செங்குத்தான மேட்டில் ஏறாது. ஆகவே பொறியாளர்கள் மலையைக் குடைந்தும் பள்ளத்தை நிரப்பியும், உயரத்தைச் சிறிது சிறிதாகப் பல மைல்களுக்குப் பகிர்ந்து வைத்தார்கள். எஞ்சினுக்கு இசைந்த அந்தச் சரிவு வயோதிகர் காலுக்கும் சிறுவர் காலுக்கும் இசைந்ததாக அமைந்துவிட்டது.

ஸ்பெயின் நாட்டார் 1993 முதல் இதனை ஒரு தேசியத் திட்டமாகவே நடத்தி வருகின்றனர். கைவிடப்பட்ட தடங்களில் மூவாயிரம் கிலோமீட்டருக்கு மேல் பசுமைப் பாதைகளாக மாறியுள்ளன. தெற்கே ஆண்டலூசியா மலைகளில் முப்பத்தாறு கிலோமீட்டர் நீளமுள்ள ஒரு பாதையில் முப்பது குகைவழிகள் உள்ளன. வேடிக்கை என்னவெனில், பெரும் பொருட் செலவில் குடைந்த அத்தடத்தில் ஒருநாளும் ரயில் ஓடியதே இல்லை. திட்டம் நடுவில் நின்றுபோயிற்று. ரயிலுக்கென வெட்டிய வழியில் முதன்முதலில் சக்கரம் உருட்டியவர்கள் மிதிவண்டிக்காரர்கள்! நிலையக் கட்டடங்கள் சில விடுதிகளாயின. ஒலிவ எண்ணெயும் பாலாடைக்கட்டியும் செய்யும் உள்ளூர்க்காரர்களுக்கு வாசலிலேயே வாடிக்கை வந்தது.

மோட்டாரில் வரும் சுற்றுலாப் பயணிக்கும் மிதிவண்டியில் வரும் பயணிக்கும் இங்கேதான் பெரிய வேற்றுமை இருக்கிறது. முன்னவர் நூறு கிலோமீட்டரை இரண்டு மணி நேரத்தில் கடந்து, நடுவிலுள்ள நாற்பது ஊர்களின் பெயரைப் பலகையில்கூடப் படியாமல் சென்றுவிடுவார். பின்னவருக்கு மணிக்கொரு முறை தாகம் எடுக்கும், பசி எடுக்கும், மழை வந்தால் ஒதுங்கத் திண்ணை வேண்டும். அவருடைய மெதுவே கிராமத்தாருக்கு வியாபாரம். பலாச்சுளையும் வறுத்த முந்திரியும் விற்கும் பண்ருட்டிப் பக்கத்து விவசாயிக்கு இவ்விருவருள் எவர் உகந்தவர் என்று நாம் சொல்ல வேண்டுவதில்லை.

நம் தென்னாட்டிலும் இத்தகைய வாய்ப்பு இல்லாமற் போகவில்லை. மூணாறு மலையில் தேயிலை ஏற்றுவதற்காகக் குண்டளைப் பள்ளத்தாக்கு வழியே டாப் ஸ்டேஷன் வரை ஒரு சிறு ரயில் ஓடிற்று. 1924ஆம் ஆண்டுப் பெருவெள்ளம் அதனை அடித்துக்கொண்டு போனது. பின்பு எவரும் அதனைக் கட்டவில்லை. இன்று அப்பக்கம் செல்வோர் மோட்டார்ச் சாலையில் வரிசையாக நின்று புகை குடிக்கிறார்கள். நீலகிரி மேட்டுநிலத்தைச் சுற்றி 2008 முதல் மிதிவண்டிச் சுற்றுலா ஒன்று நடைபெற்று வருகிறது. வெளிநாட்டாரும் வந்து கலந்துகொள்கின்றனர். அதுவும் லாரிகளும் பேருந்துகளும் செல்லும் அதே கொண்டை ஊசி வளைவுகளில்தான். வலிமையும் துணிவும் உள்ள இளைஞர்க்கு அது போதும். நம் கைலி நெசவாளர்க்குப் போதாது.

அப்படியானால் கைவிட்ட இருப்புப்பாதை இல்லாத நெய்வேலி வட்டாரத்தில் எதைக் கொண்டு பாதை அமைப்பது? இருப்புப்பாதைக்குரிய குணம் முழுவதும் உள்ள ஒன்று நம்மிடம் ஆயிரம் ஆண்டுகளாக இருக்கிறது. அதுவே ஏரிக்கரை.

ரயில் பொறியாளருக்கு மட்டம் எவ்வளவு அவசியமோ, அதனினும் அவசியம் நீர் பாய்ச்சுபவனுக்கு. ஒரு சாண் உயரம் பிழைத்தால் தண்ணீர் வராது. ஆகையால் ஏரிக்கரையும் வாய்க்காற்கரையும் ஏற்றத்தாழ்வின்றிச் செல்கின்றன. ஊர்களை இணைத்தே செல்கின்றன. ஏனெனில் ஏரியை நம்பியே ஊர் அமைந்தது. கரையில் பனையும் புங்கமும் நிழல் தருகின்றன. சாலை வருமுன் நம் முன்னோர் நடந்த வழியும் அதுவே. சுரங்கங்களை ஒட்டி ஓடிவரும் பரவனாறு வாலாஜா ஏரியில் விழுந்து, அங்கிருந்து புறப்பட்டுப் பெருமாள் ஏரியை அடைந்து, பின்னர் கடலூர்ப் பக்கம் உப்பனாற்றைச் சேருகிறது. சுரங்கத்தின் அடியிலுள்ள ஊற்றுநீரின் அழுத்தத்தைக் குறைக்க இரவும் பகலும் இறைக்கப்படும் நீரும் இந்த வழியாகவே வாலாஜா ஏரிக்கு வந்து வயல்களுக்குப் பாய்கிறது. குறிஞ்சிப்பாடி வட்டத்துச் சிற்றூர்கள் பல இந்த ஆற்றையும் இவ்விரண்டு ஏரிகளையும் ஒட்டியே உள்ளன.

இக்கரைகளை இணைத்து, மிதிவண்டியும் நடையும் மட்டுமே செல்லும் ஒரு பாதையாகத் திருத்தவேண்டும் என்பதே நம் கருத்து. கரைவழி நகரியத்தின் வாயில் வரை செல்லாது. கடைசிப் பகுதியை ஊர்ச்சாலைகளால் இணைக்க வேண்டியிருக்கும். பெருஞ்சாலையை ஓரிடத்திலேனும் கடக்க வேண்டியிருக்கும். நாலு வழிச் சாலைக்குக் கோடிகளைச் செலவிடும்போது, அதன் அடியில் மிதிவண்டி நுழையும் அளவுக்கு ஒரு சிறு கண்வாய் வைப்பது பெரிய காரியமன்று. ஆனால் சாலை போட்ட பின் கேட்டால் அது பெரிய காரியமாகிவிடும்.

பழுப்பு நிலக்கரி தோண்டும் இடத்தில் மிதிவண்டிப் பாதையா என்று நகைப்பவர்கள் ஜெர்மனியின் கிழக்கேயுள்ள லௌசிட்ஸ் பிரதேசத்தைக் கவனிக்கவேண்டும். நம் சுரங்கத்தின் தொடக்க காலத்து இராட்சத வாளிச்சக்கர இயந்திரங்கள் ஜெர்மனியிலிருந்து வந்தவையே. அந்நாட்டார் தோண்டி முடித்த பள்ளங்களை மூடாமல் நீர் நிரப்பி ஏரிகளாக்கினர். செண்ஃப்டன்பெர்க் ஊர்ப் பக்கத்துப் பழஞ்சுரங்கம் 1973இல் குளிக்கும் ஏரியாகத் திறக்கப்பட்டது. அதைச் சுற்றி இன்று ஏறத்தாழ பதினெட்டு கிலோமீட்டர் மிதிவண்டிப் பாதை ஓடுகிறது. அடுத்தடுத்த சுரங்கங்களும் ஏரிகளாகி, அவற்றை இணைக்கும் நெடும்பாதைகளும் உண்டாயின. கரி தீர்ந்து வேலையிழந்த வட்டாரத்துக்கு அது முழுப் பிழைப்பைக் கொடுத்துவிட்டதென்று நாம் சொல்லமாட்டோம். இளைஞர் பலர் ஊரைவிட்டுப் போயினர் என்பதும் உண்மை. எனினும் இருந்தவர்க்கு ஏதோ ஒன்று மிஞ்சிற்று.

நெய்வேலியிலும் தோண்டிக் குவித்த மண் சிறு மலைத்தொடர்போல் நிற்கிறது. சமவெளியான நம் மாவட்டத்தில் மேட்டுநிலம் என்று சொல்லத்தக்கது மனிதன் செய்த இதுவே! மீட்கப்பட்ட நிலத்தில் தோப்பும், படகு விடும் குளமும் அமைக்கப்பட்டுள்ளன. அம்மேட்டின் மீது ஒரு சுற்றுப்பாதை அமைந்தால் கண்ணுக்கு விருந்தாகும் என்பதில் ஐயமில்லை. ஆனால் இங்கு ஓர் எச்சரிக்கையும் செய்தாக வேண்டும். ஜெர்மனியில் நாக்டர்ஷ்டெட் என்ற ஊரில், பழைய பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்தின் ஏரிக்கரை 2009ஆம் ஆண்டு ஜூலை மாதம் திடீரெனச் சரிந்தது, வீடுகள் சரிவோடு போயின, மூவர் மாண்டனர். கொட்டிய மண் இறுகப் பல்லாண்டுகள் ஆகும். நீர் ஊறினால் நம்பவே முடியாது. ஆகையால் சுரங்க மேட்டைப் பற்றி நாம் அவசரப்படவில்லை. சுரங்கப் பாதுகாப்பு இயக்ககத்தார் சரியென்று சொன்ன பின் அதனைப் பார்த்துக்கொள்ளலாம். ஏரிக்கரைக்கு அவ்வாறு காத்திருக்க வேண்டுவதில்லை.

இக்கருத்தை நாம் சங்கக் கூட்டங்களில் சொன்னபோது எழுந்த முதல் கேள்வி, நெசவாளரிடமிருந்து அன்று, விவசாயிகளிடமிருந்து வந்தது. "பாதைன்னு சொல்லி இன்னும் எவ்வளவு நெலம் எடுப்பீங்க?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவர் கோபத்தில் நியாயம் உண்டு. முதற் சுரங்கத்திற்கு நிலம் கொடுத்தோரின் பேரப்பிள்ளைகள் இன்னும் வேலைக்கு மனுக் கொடுத்துக்கொண்டிருக்கின்றனர். பரவனாற்றுக்கு மாற்றுக் கால்வாய் வெட்டுவதற்காக 2023ஆம் ஆண்டு ஜூலையில் வளையமாதேவியில் விளைந்து நின்ற நெற்பயிரின் மீது இயந்திரங்கள் இறங்கியதை நாடே பார்த்தது. அப்பயிரைக் கண்டவர்களிடம் சென்று, வெளியூரார் மிதிவண்டியில் உலாவ ஒரு சென்ட் கொடுங்கள் என்று கேட்பது கூடாது. கேட்கவும் வேண்டாம். கரை அரசுக்குச் சொந்தம். கரைக்குள் அடங்கும் அகலமே பாதையின் அகலம்; ஒரு கெஜம் அதிகம் வேண்டும் என்று வரைபடம் வந்தால் அந்த வரைபடத்தைத் திருப்பி அனுப்பவேண்டும். இதில் நாம் எவருக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

இரண்டாவது தடை கரையின் பலத்தைப் பற்றியது. 2015ஆம் ஆண்டு நவம்பர் மழையில் குறிஞ்சிப்பாடி வட்டம் பட்ட பாடு எவர்க்கும் மறக்கவில்லை. கரையை வெட்டிச் சமன் செய்து, அதன்மேல் தார் ஊற்றி, விளக்குக் கம்பம் நடக் குழி தோண்டினால், அடுத்த ஐப்பசியில் அது உடையும். ஆகவே தார் வேண்டாம், விளக்கும் வேண்டாம். கரையின் தலைப்பில் நாலு முழ அகலத்துக்குக் கிராவல் மண் கொட்டி, நீர் தெளித்து, கெட்டித்தால் போதும். மழைக்காலத்தில் நீர்வளத் துறையார் மூடச் சொன்னால் மூடிவிடலாம். சொல்லப்போனால் தினமும் ஆள் நடமாடும் கரையே பாதுகாப்பான கரை. நண்டு வளையும் எலி வளையும் பெருகி, ஊற்றுக்கண் திறந்து, தண்ணீர் கசிவதை முதலில் காண்பவன் அலுவலகத்தில் இருக்கும் பொறியாளன் அல்லன், அவ்வழியே போகிறவன்.

முன்னாளில் இதனைக் குடிமராமத்து என்றார்கள். ஏரியை அனுபவிப்போர் ஏரியைப் பேணினர். ஆங்கிலேயர் 1858இல் அதற்கொரு சட்டம் செய்து, கட்டாய வேலை என்று பெயரிட்டு, அதன் உயிரைப் போக்கினர் என்பது நம் எண்ணம். 2017இல் நம் அரசு அப்பெயரை மீண்டும் எடுத்தது. பாசனதாரர் சங்கங்கள் வழியே பல ஏரிகளில் வேலை நடந்தது. பாதையைப் பேணும் பொறுப்பையும் பாசனதாரரும் நெசவாளர் சங்கத்தாரும் சேர்ந்த ஒரு குழு ஏற்கலாம். ஒப்பந்தக்காரரிடம் விட்டால் திறப்பு விழாவுக்கு மறுநாள் அவரைத் தேட வேண்டியிருக்கும்.

பெருநகரங்களில் மிதிவண்டிப் பாதை என்று பச்சை வண்ணம் பூசி வைத்திருக்கும் கோலத்தையும் நாம் பார்த்திருக்கிறோம். காலையில் அதில் மீன் கடை, மாலையில் மோட்டார்களின் நிறுத்துமிடம். வண்ணம் பூசினால் பாதை ஆகாது. பிற வண்டி நுழைய முடியாதபடி தடுத்தால்தான் பாதை ஆகும். இரண்டு கல் நட்டு, நடுவில் மிதிவண்டியின் கைப்பிடி மட்டும் நுழையும் இடைவெளி விடுவது சுலபம். மோட்டார் சைக்கிள் அந்த இடைவெளியிலும் நுழையும். ஆகையால் கல்லை மட்டும் நம்பிப் பயனில்லை. ஊரார் கூடி, கரையில் மோட்டார் வண்டி ஓட்டுவதில்லை என்று முடிவு செய்யவேண்டும். தம் வயலுக்கு உரம் கொண்டு செல்லும் விவசாயிக்கு மட்டும், அறுவடைக் காலத்தில், விலக்கு அளிக்கலாம். இவ்விலக்கை எப்படி வரையறுப்பது என்பதில் சண்டை வரும் என்பதும் நமக்குத் தெரியும். வரட்டும், சங்கம் என்றால் சண்டையும் உண்டு.

பெண்களைப் பற்றி ஒரு சொல். 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கத்தார் எழுத்தோடு மிதிவண்டியும் கற்பித்தனர். கல் உடைக்கும் பெண்களும், பூப் பறிக்கும் பெண்களும், பள்ளி ஆசிரியைகளும் ஆயிரக்கணக்கில் ஏறி ஓட்டினார்கள். கேலி பேசிய ஆடவர் சில மாதங்களில் வாயடைத்துப் போயினர். தண்ணீர்க் குடமும், குழந்தையும், சந்தைக்குரிய மூட்டையும் ஒரே வண்டியில் சென்றன. பேருந்துக்குக் காத்திருக்கும் அரை நாள் மிச்சமாயிற்று. பின்னர் 2001ஆம் ஆண்டளவில் ஆதிதிராவிட, பழங்குடி மாணவியர்க்கென்று தொடங்கிய இலவச மிதிவண்டித் திட்டம், அரசுப் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் பதினோராம் வகுப்பில் படிக்கும் இருபாலர்க்கும் விரிந்தது. வண்டி கொடுத்தாயிற்று. ஓட்டுவதற்கு வழி கொடுத்தோமா? நம் வட்டாரத்தில் பல தாய்மார்கள், பெருஞ்சாலையைக் கடக்கவேண்டும் என்ற ஒரே காரணத்தால், அந்த வண்டியைத் திண்ணையில் சாய்த்து வைத்துப் பெண்ணைப் பேருந்தில் அனுப்புகின்றனர். திண்ணையில் துருப்பிடிக்கும் அவ்வண்டிகளைக் கணக்கெடுத்தால் அதுவும் ஒரு நிலுவைப் பட்டியலாகவே இருக்கும்.

இவ்விஷயம் ஏரிக்கரையோடு நிற்க வேண்டுவதில்லை. மேற்கே கல்வராயன் மலை இருக்கிறது. இரண்டாயிரம் முதல் நாலாயிரம் அடி உயரத்தில் பரந்து கிடக்கும் மேட்டுநிலம்; 1976 வரை ஜாகீர்தார்களின் ஆளுகையில் இருந்தமையால் சாலையும் பள்ளியும் பிந்தியே வந்த இடம். அங்குள்ள மலையாளிப் பழங்குடி மக்கள் சாமையும் மரவள்ளியும் பயிரிடுகின்றனர். கடுக்காய், புளி, தேன் முதலியவற்றைச் சேகரிக்கின்றனர். வெள்ளிமலைப் பக்கம் ஊருக்கு ஊர் செல்லும் மண் தடங்கள் இன்னும் பல உள்ளன. எல்லாவற்றையும் அகலப்படுத்தித் தார் போடுவதே அபிவிருத்தி என்று நினைப்பவர்கள் சற்றே பொறுக்கவேண்டும். நோயாளியைத் தூக்கிச் செல்லவும், விளைபொருளை இறக்கவும் ஒவ்வோர் ஊருக்கும் நல்ல சாலை ஒன்று கட்டாயம் வேண்டும். அதில் மாறுபட்ட கருத்து இல்லை. ஆனால் அது போட்ட பிறகு, பழைய தடத்தை உழுது அழிக்காமல் விட்டால், டார்பிஷயரில் தேடிக் கண்டதை இங்கே செலவின்றி வைத்துக்கொள்ளலாம். மிதிவண்டியில் வருவோர்க்கு மலைவாழ் மக்களின் கூட்டுறவுச் சங்கமே சாமைச் சோறும் தேனும் விற்கட்டும். இடையில் தரகர் புகுமுன் இதனைச் செய்யவேண்டும். ஏற்காட்டிலும் ஏலகிரியிலும் நிலம் எவர் கைக்குப் போயிற்று என்பதைப் பார்த்த பின்னும் நாம் தாமதிப்பது சரியன்று.

ஆகவே சங்கத்தார்க்கு நம் வேண்டுகோள் இதுவே. வரும் பொதுப்பேரவைக் கூட்டத்தில் வழக்கமான வரவு செலவு, இலாபப் பிரிவினை ஆகியவற்றோடு, கரைவழிப் பாதை என்றொரு பொருளையும் சேருங்கள். உறுப்பினர்களில் எத்தனை பேர் மிதிவண்டியில் வருகிறார்கள், எவ்வழியில் வருகிறார்கள், சென்ற மூன்றாண்டுகளில் எத்தனை பேர் சாலையில் அடிபட்டார்கள் என்று எண்ணி ஒரு தாளில் எழுதுங்கள். நெசவாளர் சங்கம் கைத்தறித் துறையின் கீழும், கடன் சங்கம் நம் துறையின் கீழும், ஏரி நீர்வளத் துறையின் கீழும் இருப்பதால் எவருக்கு எழுதுவது என்ற மயக்கம் வேண்டாம். மூவருக்கும் ஒரே நகலை அனுப்புங்கள்; மாவட்ட ஆட்சியருக்கு ஒன்று.

மேலே சொன்ன நெசவாளரை அண்மையில் கண்டோம். தறியில் இப்போது அவர் மகன் உட்காருகிறான். இவர் திண்ணையில் ராட்டை வைத்துக்கொண்டு நூல் சுற்றுகிறார். தோடு ஏலத்துக்குப் போகவில்லை. மைத்துனர் ஒருவர் வட்டியைக் கட்டினாராம். கரைவழிப் பாதையைப் பற்றி நாம் சொல்லச் சொல்ல, ராட்டையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா அந்தக் கரை மேலதான் துணி மூட்டையத் தலையில வச்சிக்கிட்டு நடப்பாரு சார். பனை மரத்த எண்ணிக்கிட்டே நானும் பின்னால போவேன்" என்றார்.

"அண்ணே, பாதை வந்தால் மறுபடி சைக்கிள் எடுப்பீர்களா?" என்று கேட்டோம்.

காலை ஒருமுறை நீட்டி மடக்கிப் பார்த்தார். "நான் எங்க சார்... பையன் போவான். நீங்க ஒண்ணு சொல்லுங்க. அந்தக் கரையில மோட்டார் வண்டி வராம நிசமாவே பாத்துக்குவாங்களா?"

கல் நடுவார்கள் என்றோம். நம்மை நிமிர்ந்து பார்த்துவிட்டு, மறுபடி ராட்டையைச் சுற்றத் தொடங்கினார்.